எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பிறகு: ஒரு சேவைச் சங்க உதவித்தொகை பற்றிய நிகழ்வு ஆய்வு

எங்கள் சேவைச் சங்கம் வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள் உதவித்தொகை தருகிறது. அந்தத் திட்டத்தில் இருந்த ஒரு மாணவியின் உதவித்தொகையை இரண்டாம் ஆண்டில் நிறுத்துவதா, தொடர்வதா என்ற கேள்வி எழுந்தது. விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் அடுத்த பருவ அறிக்கையோடு நிறுத்த வேண்டி வந்திருக்கும். நாங்கள் நிறுத்தவில்லை. அதற்கான காரணங்களையும், பதிலுக்கு என்ன செய்தோம், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். உதவித்தொகை நடத்தும் மற்ற சங்கங்களுக்கும், அவற்றோடு வேலை செய்யும் பள்ளி ஆசிரியர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

நான் அப்போது உதவித்தொகைக் குழுவின் செயலாளராக இருந்தேன். மாணவியும் அவருடைய தாயும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர், ஊர், பள்ளி எதையும் குறிப்பிடவில்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய ஓரிரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

திட்டமும் அதன் விதிகளும்

உதவித்தொகையில் ஒரு பகுதி கட்டணத்துக்கும் புத்தகங்களுக்குமாக நேராகப் பள்ளிக்குப் போய்விடும். மீதி, மாணவரும் பெற்றோரும் சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு இரண்டு தவணையாகச் சேரும். தொடர்ந்து பெற இரண்டு நிபந்தனைகள் இருந்தன: வகுப்பு வருகை 75 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, சராசரி மதிப்பெண் 60க்குக் கீழே போகக்கூடாது. ஒரு பருவ அறிக்கையில் இதில் ஏதாவது தவறினால் பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். அடுத்தடுத்த இரண்டு அறிக்கைகளில் தவறினால் உதவித்தொகை ரத்தாகும், அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகும்.

பணத்தை வருகையோடு இணைப்பது பல நாடுகளில் பழகிப்போன முறைதான். 1997ல் மெக்சிகோ அரசு தொடங்கிய ப்ரோகிரெசா திட்டம் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். பிள்ளை 85 சதவீத நாட்கள் பள்ளிக்குப் போனால் பணம் தாயின் கைக்கு வந்தது. மேல்வகுப்புகளில் பெண்பிள்ளைகளுக்குத் தொகை சற்றுக் கூடுதலாக இருந்தது. அதன் பிறகு எத்தனையோ நாடுகள் இதைப் பின்பற்றின. நிபந்தனை வைப்பதே தவறு என்று நான் நினைக்கவில்லை. நன்கொடை தருபவர்களிடம் நாங்கள் கணக்குச் சொல்ல வேண்டும், பள்ளிக்கே வராத ஒருவருக்காக வேறொருவரைக் காக்க வைப்பதும் நியாயமில்லை. ஆனால் மெக்சிகோவின் நிபந்தனை ஒரு குடும்பத்தின் எல்லாப் பிள்ளைகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. எங்களுடையது ஒரு வீட்டில் ஒரே ஒரு பிள்ளையை மட்டும் பார்த்தது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது பின்னால்தான் தெரிந்தது.

சேவைச் சங்கங்களுக்கே உரிய இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1905ல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி, 1917ல் தொடங்கிய லயன்ஸ் இரண்டிலும் பொறுப்பாண்டு ஜூலை 1ல் தொடங்கி ஜூன் 30ல் முடிகிறது. எங்கள் சங்கத்திலும் அதே வழக்கம்தான். ஒவ்வோர் ஆண்டும் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் மாறுவார்கள். நான்கு ஆண்டுக்கான வாக்குறுதியை ஓராண்டுத் தலைமை கொடுக்கிறது, மீதி மூன்று ஆண்டுகளை வேறு மூவர் சுமக்கிறார்கள். இதுவும் இந்த நிகழ்வில் குறுக்கிட்டது.

தேர்வும் முதல் ஆண்டும்

மாணவியை வகுப்பாசிரியர்தான் பரிந்துரைத்தார். விண்ணப்பத்தில் குடும்ப வருமானம், பெற்றோரின் தொழில், வீட்டு நிலை, கடந்த இரண்டு ஆண்டு மதிப்பெண்கள் கேட்கப்பட்டிருந்தன. தாய் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்தார், தினக்கூலி. தந்தையைப் பற்றி 'உடல்நலக் குறைவு, வேலையில் இல்லை' என்று ஒரு வரி இருந்தது. ஆறாம் வகுப்பில் படிக்கும் தம்பி ஒருவன். நேர்காணலில் மாணவி தயங்காமல் பேசினார், கணக்கில் நல்ல பிடிப்பு இருந்தது. குழுவில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

முதல் ஆண்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வருகையும் மதிப்பெண்ணும் விதித்த அளவைவிட நன்றாகவே மேலே இருந்தன. ஆண்டு முடிவில் உதவித்தொகை கேள்வியின்றிப் புதுப்பிக்கப்பட்டது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில்தான் தந்தையின் சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறது. புதுப்பிக்கும் படிவத்தில் வீட்டு நிலைமையைக் கேட்கும் இடமே இல்லாததால் அந்தச் செய்தி எங்களுக்கு வந்து சேரவில்லை.

இரண்டாம் ஆண்டு: கடிதமும் அதன் பலனும்

பத்தாம் வகுப்பின் முதல் பருவ அறிக்கையில் வருகை 62 சதவீதம், சராசரி மதிப்பெண் 57 என்று இருந்தது. விதிப்படி எச்சரிக்கைக் கடிதம் போனது. அச்சடித்து வைத்திருந்த பொதுவான கடிதம் அது. 'தங்கள் மகளின் வருகை நிர்ணயித்த அளவுக்குக் குறைவாக உள்ளது. அடுத்த அறிக்கையிலும் இந்நிலை தொடர்ந்தால் உதவித்தொகை ரத்து செய்யப்படும்' என்பதுதான் சாரம். காரணம் என்ன என்று கேட்கும் வாக்கியம் ஒன்றுகூட அதில் கிடையாது.

அடுத்த மாதமே மாணவியின் வருகை 90 சதவீதத்தைத் தாண்டியது. குழுக் கூட்டத்தின் குறிப்பில் 'எச்சரிக்கைக் கடிதம் பலனளித்தது' என்று பதிவாகி, அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம்.

சில வாரம் கழித்துப் பள்ளியில் எங்களுக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கும் ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, நேரில் வரமுடியுமா என்று கேட்டார். ஆசிரியர் அறையில் மேசையின் மேல் இரண்டு வருகைப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக விரித்து வைத்திருந்தார். ஒன்று பத்தாம் வகுப்பு, மற்றது ஏழாம் வகுப்பு. வராத நாட்களுக்குச் சிவப்பு மையில் குறி இருந்தது. அக்காவின் வரிசையில் பருவம் தொடங்கியதிலிருந்து செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி என்று சிவப்புக் குறி தவறாமல் வந்துகொண்டிருந்தது. கடிதம் போய்ச் சேர்ந்த வாரத்தோடு அது நின்றுவிட்டது. தம்பியின் வரிசையில் அதே வாரத்திலிருந்து, அதே செவ்வாய், வெள்ளிகளில் சிவப்புக் குறி தொடங்கியிருந்தது. ஒரு நாள்கூட இரண்டு பேருக்கும் சேர்ந்து விழவில்லை, ஒரு செவ்வாய்கூட விடுபடவில்லை.

"லெட்டர் அனுப்பினதுக்கப்புறம் பொண்ணு ஒழுங்கா வர்றா. இப்போ பையன் வரமாட்டேங்கிறான். ரெண்டும் தனித்தனி விஷயம்னு எனக்குத் தோணல" என்றார் ஆசிரியை.

வாரத்தில் ஐந்து வகுப்பு நாள். அதில் இரண்டு போனால் மிஞ்சுவது 60 சதவீதம். இடையில் விடுமுறையில் விழுந்த சில வெள்ளிக்கிழமைகளைக் கழித்தால் 62 வந்துவிடும். அறிக்கையில் இருந்த அந்த எண், 'இந்தப் பிள்ளை வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாள் வேறெங்கோ இருக்க வேண்டியிருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சதவீதமாக மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது. எந்தெந்த நாள் என்று பார்த்தால்தான் படும்.

வீட்டில் தெரிந்தது

முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு, குழுவின் மூத்த பெண் உறுப்பினரும் நானும் வீட்டுக்குப் போனோம். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒருவர் மட்டும் தனியாகப் போகக்கூடாது என்பது எங்கள் சங்கத்தில் முன்பே உள்ள விதி. உதவித்தொகையை நிறுத்தத்தான் வந்திருக்கிறோம் என்று தாய் நினைத்திருந்தார். அப்படி எந்த முடிவும் எடுக்கப்படவில்லை என்று முதலில் சொன்னோம். அதற்குப் பிறகுதான் பேச்சு நடந்தது.

தந்தைக்கு வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், காலை நேரத்தில் டயாலிசிஸ். இயந்திரத்தில் இருப்பது மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். போக வர ஆகும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், முடிந்த பிறகு எழுந்து உட்கார்ந்து தெளியும் நேரம் எல்லாம் சேர்ந்தால் பள்ளி நாள் முழுவதும் போய்விடும். சிகிச்சை முடிந்ததும் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், இவருக்கும் அப்படித்தான். ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து அறுவை சிகிச்சை செய்த கையில் கனமான எதையும் தூக்கக்கூடாது. பையைச் சுமக்க, பேருந்தில் ஏற்றி இறக்க, மயக்கம் வந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

"நீங்க போக முடியாதாம்மா?" என்று எங்கள் உறுப்பினர் கேட்டார்.

"வாரத்துல ரெண்டு நாள் வரலேன்னா வேற ஆளை வச்சுடுவாங்கம்மா. அந்த வேலையும் போச்சுன்னா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவே காசு இருக்காது" என்றார் தாய்.

மாணவி அதுவரை பேசவில்லை. கடிதம் வந்த பிறகு என்ன நடந்தது என்று கேட்டபோது சொன்னார்: "தம்பியைப் போகச் சொன்னது நான்தான். அவனுக்கு ஸ்காலர்ஷிப் இல்லையே, அவன் லீவு போட்டா எதுவும் போகாதுல்ல."

அந்தக் குடும்பம் எங்கள் விதியைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. அக்காவின் வருகைக்கு ஒரு விலை இருந்தது, தம்பியின் வருகைக்கு இல்லை. ஆகவே விலையில்லாததை விட்டுக்கொடுத்தார்கள். அந்த நிலையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் விளைவு முன்பு இருந்ததைவிட மோசமாகிவிட்டது. பதினைந்து வயதுப் பெண் தாங்கிப் பிடித்துவந்த தகப்பனாரைப் பன்னிரண்டு வயதுப் பையன் தாங்க முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் அவர் சரிந்து உட்கார்ந்தபோது அக்கம்பக்கத்தில் நின்றவர்கள்தான் தூக்கிவிட்டிருக்கிறார்கள். இதைத் தந்தையே, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொன்னார்.

குழுக் கூட்டத்தில் நடந்த விவாதம்

வீட்டில் அறிந்ததைத் தேவையான அளவுக்கு மட்டும் குழுவின் முன் வைத்தோம். நோயின் விவரம் குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும், சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குப் போகக்கூடாது என்று முதலிலேயே முடிவானது.

தம்பி மறுபடி பள்ளிக்கு வந்தால் மாணவியின் வருகை குறையும், அடுத்த அறிக்கையிலும் தவறிவிடும். அப்போது விதிப்படி ரத்து செய்ய வேண்டும் என்ற பக்கம் பொருளாளர் நின்றார். அவருடைய வாதத்தை இங்கே முழுதாகச் சொல்வது அவசியம், ஏனென்றால் அது கனமான வாதம். காத்திருப்போர் பட்டியலில் முதலில் ஒரு மாணவன் இருந்தான். அவன் வருகை 95 சதவீதம், மதிப்பெண்ணும் நன்றாக இருந்தது, குடும்ப நிலையும் இதற்குக் குறைந்ததல்ல. ஒருவருக்கு விதியைத் தளர்த்துவது, இன்னொருவருக்குச் சொல்லாமலே கதவைச் சாத்துவது. தவிர, முந்தைய ஆண்டில் வருகை குறைந்ததால் ஒரு மாணவனை நீக்கியிருந்தோம். அவனுடைய வீட்டுக்கு யாரும் போய்ப் பார்க்கவில்லை. "அவனுக்கு ஒரு நியாயம், இவங்களுக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று யாரிடமும் நல்ல பதில் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியரான ஒரு உறுப்பினர் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 2005ல் தொடங்கிய ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னார். அங்கே குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு, 80 சதவீத வருகை என்ற நிபந்தனையோடு பணம் கொடுத்தார்கள். பணம் பெற்றவர்களின் வருகை கூடியது. ஆனால் அதே வீட்டில் பணம் கிடைக்காத உடன்பிறந்தவர்கள், எந்தப் பிள்ளைக்குமே பணம் கிடைக்காத வீட்டுப் பிள்ளைகளைவிடக் குறைவாகப் பள்ளிக்குப் போனார்கள், அதிகமாக வேலைக்குப் போனார்கள். பெண்பிள்ளைகளிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. எங்கள் மாணவியின் வீட்டில் பள்ளியை விட்டுக்கொடுத்தது பெண்பிள்ளை அல்ல, தம்பி. அது ஒன்றுதான் வித்தியாசம், மற்றபடி நடந்தது அதேதான். இதைக் கேட்ட பிறகு விவாதத்தின் திசை மாறியது. 'இந்த மாணவி விதியை மீறினாரா?' என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள், 'நம் விதி இந்த வீட்டில் என்ன செய்தது?' என்று பேச ஆரம்பித்தார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உதவித்தொகையைத் தொடர்வது என்று முடிவானது. அடுத்த இரண்டு பருவ அறிக்கைகளுக்கு 75 சதவீத நிபந்தனையை நிறுத்திவைத்தோம். அதற்குப் பதில், சிகிச்சை நாட்களைத் தவிர மற்ற நாட்களில் மாணவி தவறாமல் வர வேண்டும், தம்பியின் வருகையும் குறையக்கூடாது, இரண்டையும் ஆசிரியை மாதம் ஒரு முறை பார்த்துச் சொல்வார் என்று ஏற்பாடு. தம்பியையும் சேர்த்துக்கொண்டதுதான் இதில் முக்கியம். அவனைக் கணக்கில் எடுக்காமல் எந்த ஏற்பாடு செய்தாலும் சுமை மறுபடி அவன் தலையில்தான் விழும்.

அடுத்தது சிகிச்சை நேரம். பல மருத்துவமனைகளில் டயாலிசிஸ் ஒரு நாளில் மூன்று ஷிப்டுகளாக நடக்கும். மாலை ஷிப்டுக்கு மாறிவிட்டால் வேலை முடிந்து வரும் தாயே உடன் போகலாம். மருத்துவமனையில் வேண்டிய ஆள் இருக்கிறார், ஒரு போன் போட்டால் போதும் என்று ஒரு உறுப்பினர் முன்வந்தார். அதை வேண்டாம் என்றோம். மாலை இடத்துக்குக் காத்திருக்கும் மற்ற நோயாளிகளின் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கலாம். அங்குள்ள சமூகப் பணியாளரிடம் குடும்பமே முறைப்படி விண்ணப்பிப்பது, பள்ளிப் பிள்ளைகள்தான் துணைக்கு வருகிறார்கள் என்று பள்ளியும் நாங்களும் ஆளுக்கொரு கடிதம் தருவது, அதோடு நிறுத்திக்கொள்வது என்று தீர்மானித்தோம்.

நேரம் மாறும் வரை தந்தையுடன் போய் வர ஆள் வேண்டும். தாயின் இரண்டு நாள் கூலியைச் சங்கமே ஈடுகட்டலாம் என்ற யோசனை நல்லதாகத்தான் தெரிந்தது. ஆனால் கூலியைவிட வேலையே போய்விடும் என்பதுதான் தாயின் பயம், அதைப் பணத்தால் சரிசெய்ய முடியாது. ஆகவே உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு தங்கள் வண்டியில் அழைத்துப்போவது என்று ஏற்பாடானது.

கடைசியாகக் காத்திருப்போர் பட்டியல் மாணவன். ரத்து செய்ய வேண்டும் என்று வாதாடிய பொருளாளர்தான் இதற்கும் வழி சொன்னார். உதவித்தொகை நிதியைத் தொடாமல், உறுப்பினர்கள் தனியாகக் கைக்காசு போட்டு அவனுடைய ஓராண்டுப் பள்ளிச் செலவை ஏற்பது, அடுத்த ஆண்டில் காலியாகும் முதல் இடத்தை அவனுக்குத் தருவது. முதல் தொகையை அவரே எழுதினார். மாணவியின் விஷயத்தில் தன் எதிர்ப்பைக் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும் என்றும் கேட்டார், பதிந்தோம்.

தொடர்ந்து நடந்தவை

உறுப்பினர்கள் முறை வைத்து அழைத்துப்போகும் ஏற்பாடு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. முதல் இரண்டு வாரம் எல்லோரும் ஆர்வமாகப் போனார்கள். அப்புறம் ஒருவருக்கு அலுவலகம், ஒருவருக்கு வெளியூர்ப் பயணம் என்று கடைசி நேரத்தில் ஆள் மாறியது. ஒரு செவ்வாய்க்கிழமை யாருமே போகவில்லை, தம்பிதான் போனான். டயாலிசிஸ் ஒரு முறை தவறினாலே உடலில் நீரும் கழிவும் தேங்கி ஆபத்தாகலாம். அப்படிப்பட்ட ஒன்றை யார் ஓய்வாக இருக்கிறார்களோ அவர்களை நம்பி நடத்த முடியாது. அன்றோடு அந்த ஏற்பாட்டை நிறுத்தினோம். அதே தெருவில் வசிக்கும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் துணைக்குப் போக ஒப்புக்கொண்டார். அவருக்கு ஒரு சிறு தொகையும், போக வர வாடகை வண்டிக்கான செலவும் சேவைக் கணக்கிலிருந்து கொடுக்கப்பட்டன. அதன் பிறகு இரண்டு பிள்ளைகளின் பதிவேட்டிலும் சிவப்புக் குறி விழுவது நின்றுபோனது.

மாலை நேரத்துக்கு மாற்றம் கிடைக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. கிடைத்தபோது பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. சிகிச்சை முடியும்போது கடைசிப் பேருந்து போயிருக்கும், வண்டிச் செலவு தொடர்ந்தது. வாரத்தில் இரண்டு இரவுகள் பிள்ளைகள் தனியாக இருந்தார்கள், வீட்டு வேலை மாணவியின் மேல் விழுந்தது. பள்ளி நாள் மிஞ்சியது, படிக்கும் மாலை போனது. இதைக் கவனித்த ஆசிரியை அந்த இரண்டு நாட்களில் மதிய இடைவேளையில் நூலகத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடித்துவிட ஏற்பாடு செய்தார். சின்ன விஷயம்தான், ஆனால் மதிப்பெண் ஏறியதில் அதற்குப் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

ஆண்டின் கடைசி அறிக்கையில் மாணவியின் வருகை நிபந்தனையின் அளவைத் தாண்டியது, இறுதித் தேர்வில் சராசரி 60ஐக் கடந்தது. ஒன்பதாம் வகுப்பில் எடுத்த அளவுக்கு எட்டவில்லை. தம்பி கணக்கில் தேறவில்லை. அவன் பள்ளிக்கு வராத வாரங்களில்தான் இயற்கணிதம் தொடங்கியிருந்தது. மற்றவர்களுக்கு எக்ஸ் என்றால் என்ன என்று புரிந்த பிறகு அவன் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறான். மறுதேர்வு எழுதி எட்டாம் வகுப்புக்குப் போனான் என்றாலும் அந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை என்று அவனுடைய ஆசிரியர் சொல்கிறார். இந்த நிகழ்வில் ஈடுகட்ட முடியாமல் போனது அவனுக்கு ஏற்பட்ட இழப்புதான்.

கடிதம் விட்டுச்சென்ற பயமும் எளிதில் போகவில்லை. அரை நாள் காய்ச்சல் என்றால்கூட மாணவி தந்தையிடம் கையெழுத்து வாங்கி, சிகிச்சைச் சீட்டையும் இணைத்து, ஆசிரியையிடம் கொண்டுவந்து கொடுத்தார். "இதெல்லாம் வேண்டாம்மா, உடம்பு சரியில்லேன்னு சொன்னா போதும்" என்று ஆசிரியை பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

பத்தாம் வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புச் சேர்க்கை நடந்த சமயத்தில் ஜூலை 1 வந்தது, தலைவர் மாறினார். ஒரு சில பிள்ளைகளுக்கு நான்கு ஆண்டு தருவதைவிட, நிறையப் பேருக்கு ஒரே முறை எழுதுபொருளும் பையும் கொடுக்கலாமே என்பது புதிய தலைவரின் எண்ணம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவர் தம் ஆண்டில் கூடுதல் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டும் என்றுதான் நினைத்தார். நல்லவேளையாக, முந்தைய ஆண்டின் தீர்மானம் காரணங்களோடு எழுத்தில் இருந்தது. அதை வாசித்த பிறகு, ஏற்கெனவே திட்டத்தில் உள்ள மாணவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

இதை எழுதும்போது மாணவி பதினோராம் வகுப்பில், கணக்கு உள்ள பிரிவில் படிக்கிறார். தந்தைக்குச் சிகிச்சை தொடர்கிறது.

இப்போது மாறியிருப்பவை, இன்னும் மாற வேண்டியவை

எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்துவிட்டோம். வருகை குறைந்தால் முதலில் ஆசிரியை பதிவேட்டைப் பார்த்து, எந்தெந்த நாள், எந்த நேரம் என்று குறிப்பார். பிறகு ஒருவர் வீட்டாரோடு பேசுவார். அதற்கும் பிறகுதான் எழுத்தில் எதுவும் போகும். முன்பு நீக்கப்பட்ட மாணவனின் வீட்டையும் இந்த முறைப்படி தேடிப் போனோம். குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது.

விண்ணப்பத்திலும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் படிவத்திலும் புதிய கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். வீட்டில் நோயாளி, முதியவர், கைக்குழந்தை யாராவது இருக்கிறார்களா? அவர்களைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பள்ளி வயதில் வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறார்களா? இந்தப் பதில்கள் தேர்வுக்கான மதிப்பெண்ணில் சேராது என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறோம். இல்லாவிட்டால் உண்மையைச் சொன்னால் உதவி கிடைக்காது என்று பயந்து மறைப்பார்கள்.

நிதியில் செய்த மாற்றம்தான் கடினமானது. ஒரு மாணவரைச் சேர்க்கும் முன் நான்கு ஆண்டுக்கான தொகையையும் வங்கியில் தனி வைப்பாகப் போட்டுவிட வேண்டும், எந்தத் தலைவர் வந்தாலும் அதைத் தொடக்கூடாது என்று விதி செய்தோம். இதனால் புதிதாகச் சேர்ப்பவர்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க வேண்டி வந்தது. சங்கத்தில் இதில் வருத்தம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், நடுவில் கைவிடப்படக்கூடிய பத்துப் பேரைவிட, கடைசிவரை கூட வரப்போகும் ஐந்து பேருக்கு வாக்குக் கொடுப்பதே சரி. இதோடு, போக்குவரத்து, துணைக்கு ஆள் போன்ற திடீர்த் தேவைகளுக்கு ஒரு சிறு அவசர நிதியும் ஒதுக்கப்பட்டது. மூன்று பேர் கையெழுத்திட்டால் இரண்டு நாளில் எடுக்கலாம்.

தவணையை மாற்றும் யோசனை இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. பொகோட்டாவில் ஒரு பிரிவு மாணவர்களுக்கு மாதத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, அடுத்த ஆண்டுச் சேர்க்கை நேரத்தில் மொத்தமாகத் தந்தார்கள். வருகை இரண்டு பிரிவிலும் ஒரே மாதிரி கூடியது, ஆனால் பிடித்துவைத்துத் தந்த பிரிவில் அடுத்த ஆண்டு மீண்டும் சேர்ந்தவர்கள் அதிகம். சேர்க்கைக்கான செலவு வரும் வேளையில் கையில் பணம் இருக்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் நோயாளி உள்ள வீட்டில் தவணையில் வரும் பணத்தைப் பிடித்துவைத்தால் என்ன ஆகும் என்று இந்த நிகழ்வைப் பார்த்தவர்கள் கேட்கிறார்கள். குடும்பமே தவணை முறையைத் தேர்ந்தெடுக்கட்டும் என்பது இப்போதைக்கு உள்ள யோசனை.

ஒரு சேவைச் சங்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் குழுவுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. டயாலிசிஸ் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது கல்வி உதவித்தொகையின் வேலையா என்று பொருளாளர் இன்றும் கேட்கிறார். அந்தச் செலவு இல்லாமல் அந்த வீட்டில் எந்தப் பிள்ளையும் தடையில்லாமல் படித்திருக்க முடியாது என்பது என் பதில். எல்லா வீட்டுக்கும் இதைச் செய்ய எங்களிடம் பணம் இல்லை என்பது அவருடைய பதில். இரண்டுமே உண்மை. அதனால் அவசர நிதிக்கு ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறோம். அது போதுமா என்பதை ஆண்டுதோறும் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு.

தம்பி அடுத்த கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறான், உதவித்தொகைக்கு அவனும் விண்ணப்பிக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குத் தருவதற்குத் தடையாக இருந்த பழைய விதி நீக்கப்பட்டுவிட்டது. மற்றவர்களைப் போலவே அவனும் விண்ணப்பித்து, நேர்காணலுக்கு வர வேண்டும். அவனுடைய வீட்டுக்குப் போய்வந்த நாங்கள் இருவரும் அந்த ஆண்டின் தேர்வுக் குழுவில் உட்காரப் போவதில்லை. கணக்குக்கு இப்போதே வாரத்தில் இரண்டு மாலை தனி வகுப்பு நடக்கிறது, செவ்வாய், வெள்ளி தவிர்த்து.